வெஸ்ட்மின்ஸ்டர் அபே: ராஜா வீட்டு கல்யாணமும் வாரிசும் தேடிப் போனா எப்படி இருக்கும்? முழு நாள் ரிவ்யூ

லண்டன்ல இங்கிலாந்து ராஜாக்களைப் புதைச்சிருக்குற பெரிய தேவாலயம்தான் இந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே. மொதல்லயே ஸ்டார் சொல்லிடறேன், 5-க்கு 5. ஆனா எந்தக் கல்லறைய எதுக்கு அப்புறம் பாக்கணும்னு ஒரு வரிசை தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. சில வருஷம் முன்னாடி ஒரு டூர் பேக்கேஜ்ல போயிருந்தேன், கம்பெனி பேரு வேணாம், 40 நிமிஷம் டைம் குடுத்து ஒரு வாசல்ல விட்டு இன்னொரு வாசல்ல கூப்பிட்டு பஸ்ல ஏத்திட்டாங்க, வெளிய வந்தா யாரு கல்லறைய பாத்தோம்னு ஒண்ணுமே மனசுல நிக்கல. அதுக்கப்புறம் எட்வர்ட், ரிச்சர்ட், ஹென்றின்னு இந்த இங்கிலாந்து ராஜாக்கள் கதைய ரெண்டு மூணு வருஷமா படிச்சிக்கிட்டே இருந்தேன். இந்த தடவ ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க, அவங்களையும் கூட்டிக்கிட்டு ஒரு முழு நாள் ஒதுக்கிப் போனேன்.

டிக்கெட் விஷயத்த முடிச்சிடலாம். பெரியவங்களுக்கு 30 பவுண்டு பக்கம் வருது, ஆன்லைன்லயே டைம் போட்டு புக் பண்ணிக்கலாம், காதுல மாட்டிக்கிட்டு கேக்கற கைடு அந்த டிக்கெட்லயே அடக்கம். ஞாயித்துக்கிழமை சுத்திப் பாக்க விடமாட்டாங்க, பிரார்த்தனைக்கு மட்டும்தான். இதுக்கு மேல வெர்ஜர்னு சொல்ற தேவாலய ஊழியர் கூட்டிக்கிட்டுப் போற டூருக்கும், மாடியில இருக்குற கேலரிக்கும் தனித்தனியா காசு. ரெண்டையும் எடுங்க. வாரிசு கதை தேடிப் போறவங்களுக்கு முக்கியமான சிலைங்க பாதி அந்த ரெண்டு எடத்துலதான் இருக்கு.

நான் ஆரம்பிச்சது மூணாம் எட்வர்ட் கல்லறையில. 50 வருஷம் ஆண்டுட்டு 1377ல செத்தவரு. தெற்குப் பக்கம் நடைபாதையில நின்னு அண்ணாந்து பாத்தா அந்தக் கல்லறையோட பக்கவாட்டுல சின்னச் சின்ன வெண்கலப் பொம்மைங்க நிக்கும், அதெல்லாம் அவரோட புள்ளைங்க. மொத்தம் 12 இருந்துச்சு, இப்ப மிஞ்சியிருக்கறது 6. கைடுல கேட்டுட்டு எல்லாரும் ஒரு நொடி பாத்துட்டு போயிடறாங்க, தயவுசெஞ்சு அங்க ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, ஏன்னா அடுத்த நூறு வருஷம் யார்க், லங்காஸ்டர்னு ரெண்டு குடும்பம் பட்டத்துக்காக போட்ட சண்டையும் அந்தப் பொம்மை வரிசையிலதான் இருக்கு. மூத்தவரு பிளாக் பிரின்ஸ், அப்பாவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே செத்துட்டாரு, அதனால பட்டம் அவரோட 10 வயசுப் பையன் ரெண்டாம் ரிச்சர்டுக்குப் போச்சு. லயனல்னு ஒருத்தரு, அவருக்கு ஒரே பொண்ணு, அந்தப் பொண்ணு வழியா மார்ட்டிமர் குடும்பம். எட்மண்ட்னு இன்னொருத்தரு, அவரு வழியா யார்க் குடும்பம். பின்னாடி லயனலோட கொள்ளுப்பேத்தி எட்மண்டோட மகனைக் கல்யாணம் பண்ணி ஒரு பையனைப் பெத்தா, அந்தப் பையன்தான் வளர்ந்து யார்க் டியூக் ரிச்சர்டா பட்டத்துக்கு உரிமை கேட்டாரு. நடுவுல லங்காஸ்டர் வழிக்கு மூலமான ஜான் ஆஃப் கான்ட், அவரு பொம்மை மட்டும் இப்ப இல்ல, மிஞ்சாம போன ஆறுல அதுவும் ஒண்ணு. யார்க் காரங்களோட ரெண்டு வேரும் அங்க நிக்குது, லங்காஸ்டர் வேர் காணோம், இத அம்மாகிட்ட சொன்னப்ப எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது.

அம்மாவுக்கு இந்தப் பேரெல்லாம் ஒண்ணும் புடிபடல. ஆனா ஒவ்வொரு கல்லறையிலயும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, "இவளுக்கு புள்ள குட்டி உண்டா?" யோசிச்சுப் பாத்தா அந்தக் காலத்து இங்கிலாந்து பார்லிமென்ட்டும் பிரபுக்களும் பிரெஞ்சுக்காரங்களும் போப்பும் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்த கேள்வி அதேதான்.

வெர்ஜர் டூர் ஒன்றரை மணி நேரம். சாதாரண டிக்கெட்ல ஏற முடியாத அபேயைக் கட்டின பழைய ராஜா எட்வர்ட் கன்ஃபெசரோட சமாதி மேடைக்கு இவங்ககூட போகலாம், ராஜாக்கள் சுத்தி படுத்திருக்காங்க. எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனவரு அவசரப்படாம, கேட்ட கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொன்னாரு, அம்மாவுக்கு உக்கார எடம் வேணுமான்னு அவரே கேட்டாரு. அந்த மேடையில ரெண்டாம் ரிச்சர்டும் அவரு மனைவி பொஹிமியா ஆனும் பக்கத்து பக்கத்துல படுத்திருக்காங்க. ரெண்டு பேரும் 15 வயசுல 1382ல இதே அபேல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. பொண்ணு வரதட்சணை கொண்டு வரல, ஊரு ஜனங்க மொதல்ல மொணமொணத்தாங்க, ஆனா ரிச்சர்டுக்கு அவ மேல உசிரு. 1394ல ஷீன் அரண்மனையில ஆன் செத்துட்டா. அந்த அரண்மனையையே இடிக்கச் சொல்லிட்டாரு. இதே அபேல நடந்த சவ அடக்கத்துக்கு அருண்டெல் பிரபு லேட்டா வந்தாருன்னு ஒரு கோலைப் புடுங்கி அவரு மண்டையில ரத்தம் வர்ற மாதிரி அடிச்சாரு. அடுத்த வருஷம் தனக்கும் சேர்த்து கல்லறைக்கு ஆர்டர் குடுத்தாரு, ரெண்டு பேரோட வலது கையும் கோத்துக்கிட்டு இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கினாரு. நிக்கோலஸ் புரோக்கர், காட்ஃப்ரே பிரெஸ்ட்னு லண்டன் செப்பு வேலக்காரங்க ரெண்டு பேரு செஞ்சது. இப்ப போய்ப் பாத்தா அந்தக் கைங்க இல்ல, எந்தக் காலத்துலயோ போயிடுச்சு. முகங்க ரெண்டும் இருக்கு, கை இருந்த எடம் வெறுமையா இருக்கு.

12 வருஷக் கல்யாணத்துல குழந்தை இல்ல. அந்த ஒரு விஷயம்தான் எல்லாத்தையும் திருப்பிச்சு. 1396ல ரிச்சர்ட் அடுத்ததா கட்டிக்கிட்டது பிரெஞ்சு ராஜா மக இசபெல்லாவை, அவளுக்கு வயசு 7 கூட நிரம்பல. சண்டைய நிறுத்தறதுக்காக பண்ணின கல்யாணம், சமாதானத்துக்கு சரி, வாரிசுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் காத்திருக்கணும். ரிச்சர்டுக்கு மூணு வருஷம்தான் கெடச்சுது. 1399ல ஜான் ஆஃப் கான்ட் மகன் வந்து பட்டத்தப் புடுங்கி நாலாம் ஹென்றி ஆயிட்டாரு, பரம்பரை வரிசைல முன்னாடி இருந்த மார்ட்டிமர் வீட்டுப் பையன் சின்னக் குழந்தைங்கறதால அவனை யாரும் கணக்குலயே எடுத்துக்கல. இசபெல்லாவை பிரான்சுக்கே திருப்பி அனுப்பினாங்க, அங்க மறுபடி கட்டிக்குடுத்து 1409ல பிரசவத்துல செத்துப்போனா, 19 வயசு.

அவளோட தங்கச்சி கேத்தரின் இங்கயே இருக்கா. அவ புருஷன், நாலாம் ஹென்றி மகன் அஞ்சாம் ஹென்றியோட கல்லறை மேல ஒரு சின்ன கோயில் மாதிரி கட்டியிருப்பாங்க, அங்க. 1420ல ட்ருவாங்கற பிரெஞ்சு ஊர்ல போட்ட ஒப்பந்தப்படி பிரான்ஸ் நாடே சீதனம் மாதிரி, பிரெஞ்சு ராஜாவுக்கு அப்புறம் அந்தப் பட்டமும் மருமகனுக்கும் அவரு வாரிசுக்கும்னு எழுதி கேத்தரினைக் கட்டிக்குடுத்தாங்க. 1421 டிசம்பர்ல பையன் பொறந்தான், அடுத்த ஆகஸ்ட்ல அப்பா பிரான்ஸ்ல செத்துட்டாரு, பையனை அவரு கண்ணால பாத்ததே இல்ல. 9 மாசக் குழந்தை ராஜா ஆயிடுச்சு, 20 வயசு அம்மா விதவை. அவ யாரைக் கட்டிக்கிட்டாலும் அந்த ஆளு குட்டி ராஜாவை ஆட்டி வைப்பான்னு பயந்து, ராஜாவுக்கு வயசு வந்து அவரு சம்மதிக்காம ராணியைக் கட்டிக்கக் கூடாதுன்னு பார்லிமென்ட்ல சட்டமே போட்டாங்க. அவ ஓவன் டியூடர்ங்கற வேல்ஸ்காரரை ரகசியமா கட்டிக்கிட்டா. 1437ல செத்தா, அபேலயே பழைய லேடி சேப்பல்ல, அதாவது உள்ளயே இருந்த மேரி மாதாவுக்கான சின்னக் கோயில்ல புதைச்சாங்க, அப்புறம் அந்த சேப்பலை இடிச்சப்ப உடம்ப வெளிய எடுத்து மூடியில்லாத பெட்டில ரொம்ப காலம் வெச்சிருந்தாங்க. 1669ல, டைரி எழுதியே பேர் வாங்கின சாமுவேல் பெப்பீஸ் தன்னோட 36வது பொறந்தநாளுக்கு வந்து அந்த உடம்புக்கு முத்தம் குடுத்தேன்னு டைரில எழுதி வெச்சிருக்காரு. வெர்ஜர் இத சொன்னப்ப சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. ரெண்டு நாட்டு பட்டத்தையும் வயித்துல சுமக்கணும்னு கொண்டு வந்த பொண்ணு, செத்ததுக்கப்புறம் 200 வருஷத்துக்கும் மேல வேடிக்கைப் பொருளா கெடந்திருக்கா. 1878லதான் இப்ப இருக்குற எடத்துக்குக் கொண்டு வந்து ஒழுங்கா வெச்சாங்க.

இன்னொண்ணு, இந்த அபே வெறும் புதைக்கிற எடம் மட்டும் இல்ல, ஒளிஞ்சுக்கிற எடமும். யார்க் டியூக் ரிச்சர்டோட மகன் நாலாம் எட்வர்ட் 1464ல எலிசபெத் உட்வில்ங்கற ரெண்டு புள்ளைங்களோட இருந்த விதவையை ஊருக்குத் தெரியாம கட்டிக்கிட்டாரு. 1470ல அவரு நாட்டை விட்டு ஓடினப்ப நிறைமாசமா இருந்த எலிசபெத் பொண்ணுங்களோட இங்கதான் தஞ்சம் புகுந்தா, வாரிசு அஞ்சாம் எட்வர்ட் இங்க அந்தத் தஞ்சத்துலதான் பொறந்தான். 1483ல புருஷன் செத்ததும் மறுபடி இதே எடம். அந்த வருஷம் ஜூன் 16ல சின்னப் பையன் ரிச்சர்டை இங்க இருந்துதான் வெளிய அனுப்பி வெச்சா, பெரியவங்க வந்து பேசி வாங்கிக்கிட்டு, அண்ணன் ஏற்கனவே இருந்த லண்டன் டவர் கோட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவ ரெண்டு பையனையும் பாக்கவே இல்ல.

அந்தப் பையனோட கல்யாணத்தைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இந்த மொத்த நாள்ல என் மனசப் பிசைஞ்சது அதுதான். ஆன் மோப்ரேன்னு ஒரு பொண்ணு, நார்ஃபோக் டியூக்கோட ஒரே மக, அப்பா செத்ததும் நாட்டுலயே பெரிய சொத்துக்கு வாரிசு. 1478 ஜனவரில இந்த அபேக்கு எதிர்ல அரண்மனையில இருந்த செயின்ட் ஸ்டீபன் சேப்பல்ல அவளுக்கும் ரிச்சர்டுக்கும் கல்யாணம். அவளுக்கு 5, அவனுக்கு 4. 1481ல, 9 வயசு நிரம்பறதுக்கு முன்னாடியே அவ செத்துட்டா. சட்டப்படி சொத்து அவளோட சொந்தக்காரங்க ஹோவர்ட், பெர்க்லி ரெண்டு வீட்டுக்கும் திரும்பிப் போகணும், ஆனா நாலாம் எட்வர்ட் பார்லிமென்ட்ல சட்டம் போட்டு மகன் பேர்லயே வெச்சுக்கிட்டாரு. அடுத்து அவரு தம்பி மூணாம் ரிச்சர்ட் அந்தப் பையங்களை ஒதுக்கிட்டு பட்டத்துக்கு வந்தப்ப ஜான் ஹோவர்ட் அவரு பக்கம் நின்னதுல ஆச்சரியம் இருக்கா? ரெண்டே நாள்ல நார்ஃபோக் டியூக் பட்டம் கெடச்சுது. இன்னும் ஒரு முடிச்சு பாருங்க, எட்வர்ட் ஏற்கனவே எலினார் டால்பட்டுக்கு வாக்கு குடுத்தவரு, அதனால உட்வில் கல்யாணமே செல்லாது, புள்ளைங்களுக்கு பட்டம் இல்லன்னு 1484 பார்லிமென்ட் சட்டத்துல எழுதினாங்களே, அந்த எலினார் இந்தக் குட்டிப் பொண்ணு ஆனோட சொந்தப் பெரியம்மா, அதாவது அவ அம்மாவோட கூடப் பொறந்தவ.

ஆனை இந்த அபேலதான் புதைச்சாங்க, மாமியார் உட்வில் கட்டின செயின்ட் எராஸ்மஸ் சேப்பல்ல. அத இடிச்சு புது லேடி சேப்பல் கட்டினப்ப பெட்டி எங்கயோ போச்சு. 1964 டிசம்பர்ல ஸ்டெப்னில தோண்டிக்கிட்டு இருந்த வேலையாளுங்களுக்கு ஒரு சின்ன ஈயப்பெட்டி கெடச்சுது, அது அவதான், செம்பட்ட முடி அப்படியே இருந்துச்சாம். 1965 மே மாசம் மறுபடி அபேக்குக் கொண்டு வந்து லேடி சேப்பல்ல அடக்கம் பண்ணினாங்க. அதே சேப்பலோட வடக்கு சிறகுல, முதலாம் எலிசபெத் கல்லறையத் தாண்டிப் போனா ஒரு வெள்ளைக் கல் தாழி இருக்கு, 1674ல டவர்ல ஒரு படிக்கட்டு அடியில கெடச்ச குழந்தைங்க எலும்பு, டவருக்குப் போயி காணாமப் போன அந்த ரெண்டு இளவரசர்களுதுன்னு நம்பி ரெண்டாம் சார்லஸ் வெக்கச் சொன்னது, 1678ல கிறிஸ்டோஃபர் ரென் வடிவமைச்சது. எலும்பு அவங்களுதுதான்னு இன்னிக்கு வரைக்கும் நிரூபிக்கல. பக்கத்துல முதலாம் ஜேம்ஸோட ரெண்டு குட்டிப் பொண்ணுங்க, ஒண்ணு தொட்டில்ல படுத்த மாதிரி. அம்மா அந்த மூலையில ஒண்ணும் கேக்கல, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு நின்னாங்க.

மூணாம் ரிச்சர்டோட மனைவி ஆன் நெவிலும் இதே அபேலதான். 14 வயசுல லங்காஸ்டர் இளவரசனுக்குக் கட்டிக்குடுத்து, அஞ்சு மாசத்துல அவன் டியூக்ஸ்பரி சண்டையில செத்து, அப்புறம் எதிர்ப்பக்கத்து ரிச்சர்டைக் கட்டி, ஒரே மகன் 1484ல போயி, 1485 மார்ச்ல அவளும் போயிட்டா. கல்லறைன்னு ஒண்ணும் இல்ல, 1960ல வெச்ச ஒரு வெண்கலப் பட்டயம் மட்டும்தான். கண்ணுல படாம தாண்டிடுவீங்க, அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க, காட்டுவாங்க.

இப்ப லேடி சேப்பல் தெற்கு சிறகு. மார்கரெட் போஃபோர்ட். ஜான் ஆஃப் கான்ட் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் பொறந்த புள்ளைங்க வழி வந்தவ. அந்தப் புள்ளைங்களை 1397ல சட்டப்படி ஏத்துக்கிட்டாங்க, பட்டத்துக்கு மட்டும் உரிமை இல்லன்னு 1407ல நாலாம் ஹென்றி சேத்தாரு. முன்னாடி சொன்ன ராணி கேத்தரினுக்கும் ஓவன் டியூடருக்கும் பொறந்த எட்மண்ட் டியூடர் இவளைக் கட்டினப்ப இவளுக்கு 12, அவனுக்கு இருவத்தஞ்சு பக்கம். 1457 ஜனவரில 13 வயசுல ஏழாம் ஹென்றியப் பெத்தா, அதுக்குள்ள புருஷன் செத்து மூணு மாசம். அப்புறம் ரெண்டு கல்யாணம் நடந்தும் வேற குழந்தை பொறக்கவே இல்ல. டோரிஜியானோங்கற இத்தாலி சிற்பி செஞ்ச வெண்கலச் சிலை, வயசான முகம், கும்பிட்ட கை. அந்தக் கையைத்தான் பாக்கணும், சுருக்கமும் எலும்பும் நரம்பும் அப்படியே தெரியும். எங்க கொள்ளுப்பாட்டிக்கும் 12 வயசுல கல்யாணம், 14ல மூத்தவரு. அம்மா அந்தக் கைய ரொம்ப நேரம் பாத்துட்டு "ஆயா கை மாதிரியே இருக்குடி"ன்னாங்க.

நடுவுல வெண்கலக் கம்பி வேலிக்குள்ள ஏழாம் ஹென்றியும் யார்க் எலிசபெத்தும். 1485ல பாஸ்வொர்த் சண்டையில மூணாம் ரிச்சர்டை ஜெயிச்சு வந்தவரு 1486 ஜனவரில நாலாம் எட்வர்டோட மூத்த மகளைக் கட்டினாரு, அதுக்கு முன்னாடியே அவளை முறை தவறிப் பொறந்தவன்னு சொன்ன 1484 சட்டத்த படிக்காமலே ரத்து பண்ணி பிரதியெல்லாம் அழிக்கச் சொன்னாரு. எட்டு மாசத்துல ஆர்தர் பொறந்தான். 1502ல 15 வயசுல அவன் செத்த சேதி வந்தப்ப எலிசபெத்துதான் புருஷனைத் தேத்தினா, நமக்கு இன்னும் ஒரு மகன் இருக்கான், ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, நமக்கும் இன்னும் வயசு இருக்குன்னு. சொல்லிட்டு தன் ரூமுக்குப் போயி அவ ஒடைஞ்சு அழ, இவரு போயி அவளைத் தேத்தினாரு. அடுத்த குழந்தைய சுமந்தா. 1503 பிப்ரவரில டவர்ல பொண்ணு பொறந்துச்சு, ஒம்போது நாள் கழிச்சு, தன்னோட 37வது பொறந்தநாள்லயே எலிசபெத் செத்துட்டா, குழந்தையும் தங்கல. இந்த சேப்பலுக்கு மொத கல்லு வெச்சு மூணு வாரம்கூட ஆகல அப்ப. மேல விசிறி மாதிரி விரியற அந்தக் கல்லுக் கூரைய எல்லாரும் படம் எடுக்கறாங்க, அழகுதான், ஆனா நான் கீழ அவ முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியா மாடி கேலரிக்குப் போனோம். லிஃப்ட் இருக்கு, முட்டி வலிக்காரங்க பயப்பட வேணாம். சவ ஊர்வலத்துல எடுத்துக்கிட்டுப் போற மர உருவங்க இங்கதான் இருக்கு. மூணாம் எட்வர்ட் முகம் செத்த முகத்துல எடுத்த அச்சு, வாய் ஒரு பக்கம் லேசா கோணியிருக்கு, பக்கவாதம் வந்ததாலன்னு சொல்றாங்க. பொஹிமியா ஆன் தலை மட்டும். கேத்தரின் ஒரே ஓக் மரத்துல செதுக்கினது, செவப்பு உடுப்பு. எலிசபெத், ஏழாம் ஹென்றி. கீழ பாத்தவங்கள்ல பல பேரை நேருக்கு நேரா பாக்கலாம், அதனால இத கடைசில வெச்சுக்கோங்க, கதை தெரிஞ்சுக்கிட்டு பாத்தா அது வேற அனுபவம்.

அம்மா கேலரியில எலிசபெத் முகத்துக்கு முன்னாடி நின்னு மறுபடி அதே கேள்வி, "இவ புள்ளைங்க யாராச்சும் நல்லா இருந்தாங்களா?" மகன் எட்டாம் ஹென்றி, அவரு கதை ஊருக்கே தெரியும், ஆறு கல்யாணம் பண்ணியும் மூணு புள்ளைங்க பட்டத்துக்கு வந்தும் பேரப்புள்ளைங்க இல்லாம அந்த வழி 1603ல முடிஞ்சுது. ஆனா எலிசபெத் செத்த அதே 1503ல மூத்த மக மார்கரெட்டை ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கட்டி அனுப்பினாங்க, சரியா நூறு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு வழி வந்த ஜேம்ஸ்தான் இங்கிலாந்துக்கு ராஜாவா வந்தாரு. அவரை எங்க புதைச்சாங்கன்னே ரொம்ப காலம் யாருக்கும் தெரியல. 1869ல அபேயோட தலைமை குருவா இருந்த டீன் ஸ்டான்லி தேடித் தேடி ஏழாம் ஹென்றி கல்லறைக்குக் கீழ இருக்குற அறையத் திறந்து பாத்தப்ப உள்ள மூணு பெட்டி இருந்துச்சு: ஹென்றி, எலிசபெத், அவங்க பக்கத்துல ஜேம்ஸ்.